காமாலைச் சூடு

ஆரணி
12-8-79

அன்புள்ள ரேணுகாம்பாளுக்கு,

ஜ்வாலாமாலினி எழுதுவது. உன் கடிதம் வந்து வெகு நாளாயிற்று. உடனே பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம். பிலாயில் மழை விடவில்லை, துணி காயவில்லை, சின்னவனுக்குச் சளி என்று எழுதியிருந்தாய். இங்கே மழையும் இல்லை, சளியும் இல்லை. கமண்டல நாகநதியில் மணல்தான் ஓடுகிறது. ஆடி வெள்ளிக்குப் படவேடு போகிற கூட்டத்தில் பஸ்ஸில் ஏற முடியவில்லை. உன் பேரை வைத்திருக்கிற அம்மனுக்கு உன்னைவிட செல்வாக்கு அதிகம், ஒத்துக்கொள்.

எங்கள் வீட்டுக்காரர் ஜினராஜ் சௌக்கியம். அரிசி மண்டி வேலை, சாயங்காலம் தாயக்கட்டை, அதே பல்லவிதான். உன் வீட்டுக்காரரை இரும்பாலையில் ஷிப்டு மாற்றிவிட்டார்களா என்று கேட்கச் சொன்னார்.

போன வாரம் போளூரில் எங்களுக்குப் பயிற்சி. இது சர்வதேசக் குழந்தைகள் ஆண்டாம். குழந்தைகளுக்கு என்ன கிடைத்ததோ தெரியாது, எங்களுக்கு ஆளுக்கொரு பேட்ஜும் உப்புமாவும் கிடைத்தன. கலசப்பாக்கம், தேசூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வாத்தியார்கள் வந்திருந்தார்கள். விஷயம் என்ன தெரியுமா? வீட்டில் அடியும் சூடும் பட்டினியுமாக அவதிப்படுகிற பிள்ளையை வகுப்பில் எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தால் என்ன செய்வது என்பது. எங்கள் ஹெட்மாஸ்டர் சிவப்பிரகாசம் இதைக் கேட்கக் கையில் பிரம்போடு வந்திருந்தார். அது இல்லாமல் நடந்தால் கை வெறிச்சென்று இருக்கிறதாம்.

பாடம் நடத்தியவர் மெட்ராஸிலிருந்து வந்த வேணுகோபால் என்கிற ஆபீசர். விளக்கை அணைத்துச் சுவரில் படம் காட்டினார். ஒரு பிள்ளையின் கையில் சூட்டுத் தழும்பு. இந்த மாதிரி எங்கே பார்த்தாலும் உடனே சந்தேகப்படுங்கள் என்றார். தேசூர் காத்தவராயன் எழுந்து சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். “அப்ப எங்கம்மா மேல கேஸ் போடுங்க சார். காமாலைக்கு அவங்கதான் இட்டுகினு போயி சுட்டுகினு வந்தாங்க” என்றார். கூடமே சிரித்தது. பாதிப் பேர் கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. என் கையிலும் இருக்கிறது, ஹாஸ்டலில் நீ பார்த்ததுதான். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். பாவம், மனுஷன் முகம் சுண்டிப்போய்விட்டது. காமாலைக்குக் கையில் சூடு வைக்கிற இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாமல் பாடம் நடத்த வந்தால் இப்படித்தான் ஆகும் என்று எங்களுக்கெல்லாம் ஒரே குஷி.

ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. விளக்கைப் போடச் சொல்லி, தழும்பு இருக்கிறவர்கள் எல்லாம் கையை நீட்டுங்கள் என்று ஒவ்வொருவராக வந்து பார்த்தார். எல்லோருக்கும் இடது முன்கையில், மிளகளவு, ஒன்றே ஒன்று. வைத்தியர்கள் வேறு இடத்தில் வைப்பதில்லை. பார்த்து முடித்துவிட்டு, காமாலைச் சூடு எப்படி இருக்கும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, நல்லது, அப்படி இல்லாத சூட்டை உங்கள் வகுப்பில் பார்த்திருக்கிறீர்களா, அதைச் சொல்லுங்கள் என்றார். எனக்கு உன் பெண் ஞாபகம் வந்துவிட்டது.

பதறாதே, முழுக்கப் படி. தமிழ் படிக்கட்டும் என்று பூங்காவனத்தை உன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு நீ ரயில் ஏறினபோது, “உன் கிளாஸ்லதான் இருக்கப் போறா, பாத்துக்கோடி” என்று என்னிடம் சொன்னாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பள்ளி திறந்த ஜூன் மாதமே அவள் கையில் தழும்பைப் பார்த்தேன். கேட்டேன். “காமாலைக்கு வெச்சது டீச்சர்” என்றாள். ஆரணியில் அதற்குமேல் யார் கேட்பார்கள்? நானும் கேட்கவில்லை. ஆனால் அது வலது கையில் இருக்கிறது. சட்டைக் கை முடிகிற இடத்தில், சுண்டு விரல் நீளத்துக்கு, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு.

இன்னொரு விஷயம். ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். ஹாஸ்டலில் கோழியோடு கூட்டில் அடைகிறவள் என்று என்னைக் கேலி செய்தவளே நீதான். இந்த வழக்கம் உன் பெண்ணுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. நாங்கள் தட்டு வைக்கிற நேரத்துக்குச் சரியாக, கணக்கு புரியவில்லை என்று சிலேட்டோடு வந்து நிற்கிறாள். கணக்கில் வகுப்பிலேயே முதல் அவள்தான். நானும் தெரியாத மாதிரி, சாப்பிட்டுவிட்டுக் கணக்கு போடலாம் வா என்பேன். சாப்பிட்டதும் கணக்கு புரிந்துவிடும்.

நேற்று உளுந்து வடை. நிறையவே தின்றாள், தின்னட்டும். காமாலைக்குச் சூடு வைத்தால் எண்ணெய் வாசனைகூடக் கிட்ட வரக்கூடாது, அத்தனை பத்தியம். எனக்கு வைத்தபோது எங்கம்மா மோர்ச் சோற்றைத் தவிர வேறு கண்ணிலேயே காட்டவில்லை. உனக்குப் பத்தியம் எப்போது விட்டார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். “பத்தியம்னா இன்னா டீச்சர்?” என்றாள்.

அதனால் கேட்கிறேன். பூங்காவனத்துக்குக் காமாலை வந்ததா? வந்திருந்தால் உனக்கு எழுதியிருப்பார்களே, எழுதினார்களா? அதை மட்டும் தெரிவி. என் சந்தேகம் வீண் என்றால் என்னைவிட சந்தோஷப்படுகிறவர் யாரும் இல்லை.

சின்னவனுக்கு ஆடாதோடை இலை அங்கே கிடைக்காது என்றால் சொல், காயவைத்து அனுப்புகிறேன். குழந்தைக்கு என் முத்தம்.

உன்
ஜ்வாலா


ஆரணி
9-9-79

அன்புள்ள ரேணு,

கோபமாக எழுதிய கடிதம் கிடைத்தது. கோபம் வந்தால் உன் எழுத்து குண்டு குண்டாக அழகாகிவிடுகிறது. இரண்டு தடவை படித்தேன்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். என் கடிதம் கண்டதும் உன் அண்ணனுக்கு எழுதிக் கேட்டாய். மே மாதம் காமாலை வந்தது, தூரத்தில் இருக்கிற நீ பயப்படுவாய் என்று தெரிவிக்கவில்லை, சூடு வைத்ததில் சரியாகிவிட்டது என்று அவர் பதில் போட்டுவிட்டார். ராஜவேலு அண்ணன் உன்னைப் படிக்கவைத்தவர், அப்பா ஸ்தானத்தில் நின்று கல்யாணம் செய்துவைத்தவர். பூங்காவனமும் சந்தோஷமாகத்தான் கடிதம் எழுதுகிறாள். நான்தான் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து பார்க்கிற இடமெல்லாம் பேய் பார்க்கிறேன். கடைசியில், எனக்கும் ஒரு பிள்ளை பிறந்திருந்தால் தெரிந்திருக்கும், பிள்ளைகள் என்றால் விழும், சுட்டுக்கொள்ளும், தழும்பாகும் என்று முடித்திருக்கிறாய்.

அந்தக் கடைசி வரி வலித்தது. வலித்தது என்று எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அண்ணனைப் பற்றி நீ சொன்னது அத்தனையும் உண்மை. நாம் ட்ரெய்னிங் படித்தபோது பலகாரத்தோடு உன்னைப் பார்க்க வருவாரே, அந்த ராஜவேலு அண்ணனை எனக்குத் தெரியாதா? இந்தப் பொண்ணு வெங்காயம் பூண்டு தொடாது என்று எனக்கென்று தனிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தவர். நான் அதை மறக்கவில்லை. அந்த மனுஷரையும் இந்தத் தழும்பையும் சேர்த்துவைத்துப் பார்க்க எனக்கும் மனம் வரவில்லை. அதனால்தான் ஜூன் மாதம் காமாலை என்றதும் சரி என்று விட்டேன்.

ஆனால் மே மாதம் என்கிறார். மே மாதக் கடைசியில் அவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்து எங்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார். பந்தியில் பூங்காவனம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஜ்ஜியும் போண்டாவும் அவள் இலையில் விழுந்தன. காமாலைக்காரப் பிள்ளைக்கு இந்த ஊரில் யாராவது பஜ்ஜி போடுவார்களா? உன் அண்ணியே கையால் எடுத்து வைத்தாள். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குக் காமாலையும் இல்லை, கையில் தழும்பும் இல்லை.

அவள் கடிதம் எழுதுகிறாள் என்கிறாய். கையெழுத்து நான் சொல்லிக்கொடுத்தது, ஒத்துக்கொள்கிறேன். மாமாவும் அத்தையும் என்னைக் கண்ணும் கருத்துமாகப் பராமரித்து வருகிறார்கள் என்று நான்காம் வகுப்புப் பிள்ளை தானாக எழுதுமா? நீயும் வாத்தியார் வேலைக்குப் படித்தவள்தானே.

இனி சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது. உன் கடிதம் உன் அண்ணனுக்கு வந்ததிலிருந்து அவள் சாயங்காலம் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. போன வாரம் முழுக்கப் பள்ளிக்கும் வரவில்லை. ஹெட்மாஸ்டரிடம் போனேன். உன் அண்ணன் ஏற்கெனவே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். “பொம்பளப் புள்ளதானே சார், கொஞ்ச நாளு தார் சுத்தக் கத்துக்கினு இருக்கட்டும்” என்றாராம். அவர் வீட்டுத் தறிக்கு வேண்டிய பட்டு இழையைக் குழலில் சுற்றுகிற வேலைக்கு, கணக்கில் முதலாக வருகிற பிள்ளையை அனுப்ப வேண்டியதுதான், வேறென்ன. சிவப்பிரகாசம் என்னிடம், “நம்ம பள்ளிக்கு ஓடு போட்டுக் குடுத்தவரும்மா. ஜல்தியா ஏதாவது செஞ்சி வெச்சிடாதீங்க” என்றார். போளூரில் வாங்கின பேட்ஜ் இன்னும் அவர் சட்டையில் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? அவங்க அண்ணன் தங்கச்சி நாளைக்கு ஒண்ணாயிடுவாங்க, நீ நடுவுல நிப்ப” என்றார். அதுவும் சரிதான். ஆனால் பொழுது சாய்கிற நேரத்துக்கு அவரே வாசல் பக்கம் எட்டி எட்டிப் பார்க்கிறார்.

வேணுகோபால் ஒன்று சொன்னார். சந்தேகம் வந்தால் எடுத்த எடுப்பில் அந்த வீட்டில் போய்க் கேட்டுவிடாதீர்கள், கேட்டுவிட்டு நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், பிள்ளை அங்கேயேதான் இருக்கவேண்டும் என்றார். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். உனக்கு எழுதும்போது, அண்ணனிடம் கேட்காதே என்று ஒரு வரி சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நீயும் அண்ணனைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பாய்? நம் வீடுகளில் அப்படித்தானே வளர்த்திருக்கிறார்கள். அதில் உன்மேல் எனக்கு வருத்தமில்லை.

சரஸ்வதி பூஜை லீவுக்கு வா. அண்ணனுக்கு முன்கூட்டி எழுதாமல் வா. அவள் சட்டையைக் கழற்றி நீயே குளிப்பாட்டு. என் வார்த்தையை நம்பவேண்டாம், உன் கண்ணை நம்பு. அதற்குப் பிறகும் நான் பேய் பார்க்கிறவள் என்று உனக்குத் தோன்றினால், என்னோடு பேசாதே, பொறுத்துக்கொள்கிறேன்.

உன்
ஜ்வாலா


ஆரணி
26-9-79

ரேணு,

இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். பூங்காவனம் எங்கள் வீட்டில் இருக்கிறாள். உயிருக்கு ஒன்றும் பயமில்லை. இதை எழுதும்போது எங்கள் வீட்டுக்காரரோடு தாயம் ஆடிக்கொண்டிருக்கிறாள், அவரை ஜெயிக்கவும் செய்கிறாள். இனி உட்கார்ந்து படி.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாப்பிட உட்காருகிற நேரத்துக்கு வந்தாள். சிலேட்டு கொண்டுவரவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே சாப்பிட்டாள். பயிற்சியில் சொன்ன மாதிரி நான் ஒன்றும் கிளறிக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் கேட்கப் பயமாக இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவின பிறகு அவளாகவே பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். இடது தொடையில், முழங்காலுக்கு மேலே. இது தழும்பு இல்லை, இன்னும் ஆறாத புண். துணி ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். “அத்தை கரண்டியக் காய்ச்சிக் குடுக்கும், மாமா வெப்பாரு. மொதல் ரெண்டும் இழை சிக்காயிடுச்சுன்னு வெச்சது. யாரு கேட்டாலும் காமாலைன்னு சொல்லணும்னாரு. இது, டீச்சர் வீட்டுல போயி இன்னா சொன்னேன்னு கேட்டு வெச்சது.” அவள் என் வீட்டில் ஒன்றுமே சொல்லவில்லை, ரேணு. வடைதான் தின்றாள்.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். லேடி டாக்டர் கட்டுப் போட்டு, ஊசி போட்டார். மூன்றையும் பார்த்து, இவை வைத்தியத்துக்கு வைத்தவை அல்ல என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். புண் ஆறிவிடும், பிள்ளை வயதுக்கு எடை ரொம்பக் குறைவு, சாப்பாடு போடுங்கள் என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். நான் அழுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் உன் அண்ணன் இரண்டு ஆட்களோடு வந்தார். சத்தம் போடவில்லை. வெள்ளை வேட்டி, விபூதி, எப்போதும்போல் மரியாதை. “என் தங்கச்சி என்னை நம்பி விட்டுட்டுப் போன பொண்ணு இது. அத வெச்சிக்கிறதுக்கு நீங்க யாரு டீச்சர்?” என்றார். பேஜாரு வேண்டாம் என்று சொன்ன மனுஷர், எங்கள் வீட்டுக்காரர், வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “உள்ள வாங்க, உக்காருங்க, காபி சாப்பிடுங்க. பொண்ணு மட்டும் இப்ப வராதுங்க” என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனுஷர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. உன் அண்ணன் காபி சாப்பிடவில்லை. “பெத்தவ சொல்லட்டும், விட்டுடறேன். அது வரைக்கும் பொண்ணு என் பொறுப்பு” என்று சொல்லிவிட்டு, நான் பிள்ளையைக் கடத்தி வைத்திருக்கிறேன் என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஸ்டேஷனிலும் கூப்பிட்டுக் கேட்டார்கள். டாக்டர் எழுதியதைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்தார், முகம் மாறத்தான் செய்தது. ஆனாலும் பெற்றவர்கள் அவரிடம் ஒப்படைத்த பிள்ளை, பெற்றவர்கள் வேறு சொன்னால்தான் என்னால் ஏதாவது செய்யமுடியும் என்றார். இந்த வாரக் கடைசி வரைக்கும் பார்ப்பாராம். அதற்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் பிள்ளையை மாமா வீட்டுக்குத்தான் அனுப்பவேண்டி வரும் என்றார். ஹெட்மாஸ்டர் எனக்கு தேசூருக்கு மாற்றல் வரும்போல் இருக்கிறது என்று காதில் போட்டார். வரட்டும். தேசூர் ஒன்றும் அந்தமான் இல்லை, அங்கே காத்தவராயன் இருக்கிறார், பேச்சுக்குப் பஞ்சமிருக்காது.

யோசித்துப் பார்த்தால் உன் அண்ணன் கேட்டதில் தப்பில்லை. நான் யார்? பாடம் சொல்லிக் கொடுக்கிறவள். அவரிடம் நீ கொடுத்த வார்த்தை இருக்கிறது. என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் கேட்கிறேன். இது கிடைத்த உடனே, வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வரட்டும் என்று காத்திராமல், இன்ஸ்பெக்டருக்கு ஒரு தந்தி, எனக்கு ஒரு தந்தி கொடு. பெண் ஜ்வாலாமாலினி வீட்டில் இருக்கட்டும், நான் வருகிறேன் என்று இருந்தால் போதும். அண்ணனுக்கும் ஒன்று கொடுப்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். அப்புறம் ரயில் ஏறு. சின்னவனைத் தூக்கிக்கொண்டு வா. காட்பாடியில் எங்கள் வீட்டுக்காரரை வந்து நிற்கச் சொல்கிறேன்.

உன் பெண் இதுவரை அழவில்லை. ராத்திரி நன்றாகத் தூங்குகிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், எங்கள் வீட்டு நேரத்துக்கு மேல் பசித்தால் அவளுக்கென்று தனியாக வைத்திருக்கிறேன். அண்ணன் உனக்கு எழுதியது, நீ அண்ணனுக்கு எழுதியது எதையும் நான் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுடைய கடுதாசி வந்த அன்றைக்குத்தான் மாமாவுக்குக் கோபம் வந்தது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நேற்று தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். அவளாக ஒன்று கேட்டாள். “அம்மா வந்தா மாமாவத் திட்டுமா, என்னத் திட்டுமா டீச்சர்?”

உங்கள் அம்மாவையே கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டேன். பதிலை எனக்கு எழுதாதே, ரேணு. வந்து அவளிடம் சொல்.

வழியெல்லாம் அருகன் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன்
ஜ்வாலா